மூன்று ஜோடி குள்ள சிக்லிட், ஒரே தொட்டி: துரத்தப்படும் ஆணுக்கும் இடம் வேண்டும்

தொட்டியின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளம் 120 செ.மீ., அகலம் 50, உயரம் 40. கணக்குப்படி 240 லிட்டர். மணல், கல், மரம், மேலே விட்டிருக்கும் இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்பது 200 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதில் காக்கட்டூ அபிஸ்டோ இரண்டு ஜோடி, பொலிவியன் ராம் ஒரு ஜோடி. இரண்டும் குள்ள சிக்லிட், அதாவது தரையில் இடம் பிடித்து முட்டையையும் குஞ்சையும் காக்கும் சிறிய நன்னீர் மீன்கள். மேல்தட்டில் ரம்மி நோஸ் டெட்ரா ஒரு கூட்டம், சில பென்சில் மீன்கள். பாசி மேய ஓட்டோசின்க்ளஸ். இந்தக் குடித்தனம் எப்படி அமைந்தது, எங்கே முட்டிக்கொண்டது, எதை மாற்றியபின் அடங்கியது என்பதுதான் இந்தப் பதிவு.

இத்தனை அடித் தொட்டிக்கு எத்தனை ஜோடி என்று கேட்டால், குள்ள சிக்லிட் வளர்ப்பவர்கள் உடனே ஓர் எண் சொல்வார்கள். எண் சரியாகவே இருக்கும். ஆனால் அது பாதிக் கணக்கு. அபிஸ்டோவில் முட்டையையும் குஞ்சையும் காப்பது பெரும்பாலும் பெண் மட்டும்தான். முட்டையிட்ட கையோடு ஆணைக் குகைப் பக்கம் அண்டவிடாது. ஜோடி என்று நாம் எண்ணி வைத்த இரண்டில் ஒன்று, அடுத்த சில வாரங்களுக்கு வீடில்லாமல் அலையும். அது எங்கே போகும்? பக்கத்து ஜோடியின் இடத்துக்குத்தான். பல வகை மீன்கள் ஒன்றாக வாழும் கம்யூனிட்டி தொட்டியில் நடக்கும் சண்டைகளில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. ஆகவே தொட்டியை வடிவமைக்கும்போதே ஜோடிகளுக்கு எவ்வளவு தரை என்பதோடு, துரத்தப்படும் ஆண் எங்கே ஒதுங்கும் என்பதையும் சேர்த்தே யோசித்தேன்.

யாரோடு யார்

ஆசை என்னவோ நீல ராம் மேல்தான் இருந்தது. ஆனால் வெனிசுலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ சமவெளியில், வெயிலில் காயும் ஆழமில்லாத நீரில் வாழும் மீன் அது. 28 முதல் 30 டிகிரி வரை சூடு கொடுத்தால்தான் தெம்பாக இருக்கும். காக்கட்டூ அபிஸ்டோ பெரு நாட்டுப் பக்கத்து மேற்கு அமேசான் மீன். 25, 26 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். இரண்டையும் 29 டிகிரியில் வைத்தாலும் வாழும்தான், ஆனால் அபிஸ்டோ சீக்கிரம் மூப்படைந்துவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. அபிஸ்டோ குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நீரின் வெப்பமும் பாதிக்கிறது என்று ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்ற இருவர் 1996-இல் ஆய்வு செய்து காட்டினார்கள். சூடு ஏற ஏற ஆண்கள் அதிகமாகும். ஏற்கெனவே ஆண்களுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் தொட்டியில் அது வேண்டாத வேலை.

பொலிவியன் ராம் நீல ராமுக்குச் சொந்தக்கார மீன்தான். மமோரே, குவாப்போரே ஆறுகளின் பக்கத்தைச் சேர்ந்தது. நீலப் பளபளப்பு கிடையாது. சாம்பலும் மஞ்சளுமான உடம்பு, துடுப்பு விளிம்பில் சிவப்பு. முதலில் பார்ப்பவருக்குச் சாதாரணமாகத் தெரியும், வளர்த்தவர் விடமாட்டார். 26 டிகிரி அதற்கும் அபிஸ்டோவுக்கும் பொதுவாக ஒத்துப்போகிறது.

வெப்பத்தைவிட முக்கியமான காரணம் வேறு. காக்கட்டூ குகைக்குள் கூரையில் முட்டையை ஒட்டும். பொலிவியன் ராம் திறந்த வெளியில் தட்டைக் கல்லின்மேல் இடும். ஒன்று கேட்பதை மற்றது கேட்காது. இதே காரணத்துக்காகத்தான் கிரிபென்சிஸை ஒதுக்கினேன். அழகான மேற்கு ஆப்பிரிக்க மீன். ஆனால் அதுவும் குகை தேடும், உடல்வலுவும் அதிகம். இருக்கிற நல்ல குகையை எல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும். இரண்டு வகை அபிஸ்டோவைக் கலக்கவும் மனம் வரவில்லை. குஞ்சு காக்கும் காலத்தில் பல வகைகளின் பெண்களும் ஒரே மாதிரி மஞ்சளும் கறுப்புமாக மாறிவிடும், எது எது என்று பிரித்தறிவதே பாடு. கலப்புக் குஞ்சு வந்து அதை யாரிடமாவது கொடுத்தால், அவர்கள் வேறொருவரிடம் சுத்தமான வகை என்று சொல்லிக் கொடுப்பார்கள். வேண்டாம்.

தரையில் இரை தேடும் சிறு கெளுத்தியான கோரிடோரஸ் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் சேர்க்கச் சொல்லும் மீன், நான் சேர்க்கவில்லை. சிக்லிட் துடுப்பை விரித்து மிரட்டினால் டெட்ரா புரிந்துகொண்டு விலகும். கோரிக்கு அந்தப் பாஷையே தெரியாது. மூக்கைத் தரையில் தேய்த்தபடி நேராக முட்டைக்கே போகும், இடி வாங்கும், திரும்பவும் வரும். இரவில் விளக்கு அணைந்தபின் முட்டையைத் தின்றும் விடும். தாய்க்கும் நிம்மதியில்லை, கோரிக்கும் கண் போகும் ஆபத்து.

தரை

இந்த மீன்களுக்கு உயரம் பெரிதாகத் தேவையில்லை, தரைதான் சொத்து. அகலம் 50 செ.மீ. உள்ள தொட்டியைத் தேர்ந்தெடுத்தது அதற்காகவே. 30 செ.மீ. அகலத் தொட்டி எவ்வளவு நீளமாக இருந்தாலும், துரத்தப்படும் மீன் ஒரே கோட்டில்தான் ஓட முடியும். அகலம் இருந்தால் மரத்தைச் சுற்றிக்கொண்டு தப்பிக்கும்.

கற்களை முதலில் வெறும் கண்ணாடித் தரையில் வைத்துவிட்டு அதன்பிறகுதான் மணலைக் கொட்டினேன். மணல்மேல் கல்லை வைத்தால் சிக்லிட் அடியில் தோண்டும்போது கல் சரியும்; அடியில் மீன் இருந்தால் போச்சு. கற்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொன்றின் மேலும் வினிகர் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். நுரைத்தவற்றை வெளியே போட்டாயிற்று. மணல் மெல்லியது, கூர்மையில்லாதது, 3 செ.மீ. உயரம். இவை மணலை வாயில் அள்ளிச் சலித்துச் செவுள் வழியாக விடும் மீன்கள், கூர்ஜல்லி போட்டால் வாயும் செவுளும் புண்ணாகும்.

தொட்டியின் இடது முனை ஒரு அபிஸ்டோ ஜோடிக்கு, வலது முனை இன்னொன்றுக்கு, நடுவில் தட்டைக் கற்களோடு திறந்த மணல் ராம் ஜோடிக்கு. இரண்டு எல்லைகளிலும் ஆளுக்கொரு பெரிய மரத்துண்டு, பின்சுவரிலிருந்து முன்கண்ணாடியை நோக்கிச் சாய்வாக வரும்படி. முன்கண்ணாடிவரை முழுக்க அடைக்கவில்லை. ஒரு கை அகலம் விட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் பராமரிக்க முடியாது.

அடுத்து செய்த சோதனையை யாருக்கும் சிபாரிசு செய்வேன். அறையை இருட்டாக்கி, தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியில் மணல் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே டார்ச்சை ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் அதே மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தால், அந்தக் கோட்டில் இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தபோது அடர்த்தியாகத் தெரிந்த என் தொட்டியில், மரங்களின் அடிப்பக்க வளைவுகள் வழியாக வெளிச்சம் தாராளமாக வந்தது. அந்த வளைவுகளின் முன்னால் உருண்டைக் கற்களையும் கிரிப்டோகோரைன் செடிகளையும் வைத்து அடைத்தேன். கடைசியில் ஓர் இடத்தில் மட்டும் மங்கலாகக் கசிந்தது. அதைத் தண்ணீர் நிரப்பியபின் செடி வளர்ந்து மூடிக்கொண்டது.

மரங்களின் மேல் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகள். இவற்றின் தண்டை மணலில் புதைத்தால் அழுகும் என்பதால், சூப்பர் குளூ ஜெல் ஒரு துளி வைத்து மரத்தில் ஒட்டியாயிற்று. பின்சுவர் நெடுக, நாடாபோல நீண்ட இலை விடும் வாலிஸ்னேரியா செடி. மேற்பரப்பில் கொஞ்சம் சால்வினியா மிதக்கிறது. மேலே நிழல் இருந்தால் சிக்லிட் தைரியமாக வெளியே வரும். வெட்டவெளிச்சம் இருந்தால் பதுங்கிக்கொண்டே இருக்கும்.

குகை

குகைக்குத் தேங்காய்ச் சிரட்டையைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. கனம் குறைவு, வெட்ட எளிது, உட்கூரை சொரசொரப்பாக இருப்பதால் முட்டை நன்றாக ஒட்டும். பாதிச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் வாசலுக்கு ஹேக்ஸா பிளேடால் இரண்டு வெட்டு வெட்டி, இடுக்கியால் நடுத்துண்டை ஒடித்து எடுத்தேன். விளிம்பை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு விரலில் சிராய்க்காத அளவுக்கு வழவழப்பாக்கினேன். நாரைச் சுரண்டியபின் கொதிக்கும் நீரில் பலமுறை வேகவைத்தாயிற்று. முதலில் வரும் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த நிறம் மீனுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காய்ப்பருப்பு மிச்சம் இருந்தால் தண்ணீர் கெடும், ஆகவே வேகவைப்பதில் சோம்பல் படக்கூடாது.

வாசலின் அளவில்தான் விஷயம் இருக்கிறது. காக்கட்டூ ஆண் 8 செ.மீ. வரை வளரும், பெண் 5 செ.மீ. தாண்டுவது அரிது. வாசல் பெண் நுழையும் அளவுக்கு, ஆண் திணறும் அளவுக்கு இருக்க வேண்டும். நான் வெட்டியது அகலம் 3 செ.மீ., உயரம் 2.5 செ.மீ. அப்படியும் இடது முனைப் பெண்ணுக்குத் திருப்தியில்லை. வாய் நிறைய மணலை அள்ளிவந்து வாசலில் துப்பித் துப்பி, தன் உடம்பு மட்டும் வழுக்கிக்கொண்டு நுழையும் அளவுக்குப் பாதி வாசலை மூடிவிட்டது. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் கரை கொஞ்சம் சரியும். திரும்பி நின்று பார்க்கும், இன்னொரு வாய் மணல் கொண்டுவரும். இப்படி வாசல் அடைபடத் தொடங்கினால் முட்டை வரப்போகிறது அல்லது வந்துவிட்டது என்று அர்த்தம்.

வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெண் காப்பது குகையைச் சுற்றிச் சம அளவு வட்டத்தை அல்ல. வாசலுக்கு முன்னால் கண்ணுக்கு எட்டும் தரையைத்தான் அதிகமாகக் காக்கிறது. அதனால் இரண்டு முனைகளிலும் குகைகளின் முதுகு தொட்டியின் நடுப்பக்கம் இருக்கும்படி வைத்தேன். வாசல்கள் பக்கவாட்டுக் கண்ணாடியையும் முன்மூலையையும் பார்க்கின்றன. சிரட்டையைத் திருப்பி வைத்தால் எல்லையே திரும்பிவிடுகிறது. ஒரு பெண்ணுக்கு இரண்டு குகை என்ற கணக்கில் நான்கு சிரட்டைகள். ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்று.

தண்ணீர்

இதை நீட்ட விருப்பமில்லை. கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை மீன் விடவில்லை. அதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைத்தால் சீக்கிரம் முடியும். குழாய்த் தண்ணீரோடு ஆர்ஓ தண்ணீர் கலந்து பி.எச். 6.5-க்கும் 7-க்கும் இடையில் நிற்கிறது. வாரம் ஒருமுறை 30 சதவீதம் தண்ணீர் மாற்றம், உள்ளே போகும் நீரின் சூடு தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். தொட்டிக்கு வெளியே நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் உறிஞ்சு குழாய்க்கு ஸ்பாஞ்ச் உறை கட்டாயம். முனைக்கு ஒன்றாக இரண்டு சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர்களும் ஓடுகின்றன. குஞ்சுகள் அவற்றின் மேற்பரப்பை மேய்வது ஒரு கூடுதல் லாபம். நாட்டுவாதுமைச் சருகு சில எப்போதும் தரையில் கிடக்கும்.

மீன்களை விட்டபின்

டெட்ராவும் பென்சில் மீனும் முதலில் போயின. அவை பயமில்லாமல் நடுநீரில் திரிந்தால் சிக்லிட்டும் ஆபத்து இல்லை என்று நம்பி வெளியே வரும். இன்னொரு பயனும் உண்டு. கோபத்தைக் காட்ட வெளியாள் யாரும் இல்லாத தொட்டியில் ஜோடி தமக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். எட்டிப் பார்க்கும் டெட்ரா கூட்டம் ஒன்று இருந்தால் அந்தக் கோபம் அந்தப் பக்கம் போய்விடுகிறது, டெட்ராவுக்கும் நகர்ந்துகொள்ளத் தெரியும்.

சிக்லிட் எல்லாவற்றையும் தனித் தொட்டியில் சில வாரம் கண்காணித்தபின், ஒரே நாளில், விளக்கை அணைத்துவிட்டு விட்டேன். ஒரு ஜோடியை முன்னால் விட்டால் அது முழுத் தொட்டியையும் தன்னுடையது என்று எழுதி வைத்துக்கொள்ளும். கண்காணிப்பில் நான் பார்ப்பது முக்கியமாக இரண்டு: எச்சம் வெள்ளையாக நூல்போலத் தொங்குகிறதா, ஆசனவாயில் சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா. முதலாவது பெரும்பாலும் குடல் ஒட்டுண்ணித் தொல்லை, இரண்டாவது கமல்லானஸ் புழு. இரண்டில் எது பெரிய தொட்டிக்குள் நுழைந்தாலும் வெளியேற்றுவது பெரும்பாடு.

ராம் ஜோடியை ஜோடியாக வாங்க முடியாது. சின்ன வயதில் ஆறு வாங்கி ஒன்றாக வளர்த்து, தாமாகச் சேரும் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடுவதுதான் வழி. ஆண் பெண் வித்தியாசம் வெளித்தோற்றத்தில் அவ்வளவு தெரியாது. முட்டையிடும் நேரத்தில் பார்த்தால் வயிற்றடியில் நீளும் இனப்பெருக்கக் குழாய் பெண்ணுக்குத் தடித்து மொண்ணையாகவும், ஆணுக்கு மெலிந்து கூராகவும் இருக்கும்.

அபிஸ்டோவில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும் என்று சொல்வார்கள். வளர்ந்த மீனில் உண்மைதான்: ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முன்முட்கள் கொண்டைபோல நீண்டு நிற்கும், வாலில் செம்மஞ்சள் திட்டுகள். ஆனால் பெரிய ஆண் இருக்கும் இடத்தில் சின்ன ஆண் பெண்ணைப்போலவே வேடம் போட்டு, அடி வாங்காமல் வளரும். வலது முனைக்கு என்று வந்த மஞ்சள் நிறப் பெண், பெரிய ஆணைத் தனியே பிரித்து வைத்த கொஞ்ச நாளிலேயே கொண்டை விடத் தொடங்கியது. மூன்றாவது முள்ளும் நான்காவது முள்ளும் நாளுக்கு நாள் நீள்வதைப் பார்ப்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, வயிற்றுத் துடுப்பின் முன்விளிம்பு தெளிவாகக் கறுத்திருந்த இன்னொரு மீனை வாங்கிவந்தேன். அது பெண்தான்.

முதல் சில நாட்கள் வரப்புத் தகராறு. துடுப்பெல்லாம் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாலால் நீரை அடிப்பது, வாயோடு வாய் கவ்வி இழுப்பது எல்லாம் நடந்தது. துடுப்பு ஓரம் கிழிவதைப் பொருட்படுத்த வேண்டாம், தானே ஆறிவிடும். பார்க்க வேண்டியது வேறு: எந்த மீனாவது மேல்மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறதா, தீனிக்குக்கூடக் கீழே வரவில்லையா. அப்படி ஒன்று தெரிந்தால் காத்திருக்காமல் எடுத்துவிட வேண்டும். என் தொட்டியில் அந்தக் கட்டத்தில் அப்படி நடக்கவில்லை. இடது மரத்தின் வேர்முனையும் வலது மரத்தருகே இருந்த உருண்டைக் கல்லும் எல்லைகளாக நிலைத்தன. அதற்குப்பின் மிரட்டல் மட்டும்தான், அடி கிடையாது.

துரத்தப்பட்ட ஆண்

இடது முனைப் பெண் முதலில் முட்டையிட்டது. செல்போன் கேமராவை முன்மூலைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தால் சிரட்டைக் கூரை தெரியும். செம்மஞ்சளாக அறுபது எழுபது முட்டைகள் இருக்கும். பெண் அடர்மஞ்சளாக மாறி, கன்னத்திலும் வயிற்றிலும் மைக்கறுப்புக் கோடுகளோடு, தலைகீழாகத் திரும்பி விசிறிக்கொண்டிருந்தது. வெளியே ஆண். தன் உடம்பில் பாதிகூட இல்லாத பெண்ணிடம் இடி வாங்கிக்கொண்டு மரத்தைத் தாண்டி நடுப்பகுதிக்கு ஓடியது.

நடுவில் ராம் ஜோடி கல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நேரம் அது. ராமில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே காப்பதால் அங்கே ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் அடி. இந்தப் பக்கம் வந்தால் பெண், அந்தப் பக்கம் போனால் ராம், அதையும் தாண்டினால் வலது முனை ஆண். கடைசியில் ஹீட்டருக்குப் பின்னால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்றது.

இதற்காகத்தான் பின்சுவர் நெடுக வாலிஸ்னேரியா நட்டிருந்தேன். ஆனால் செடி அப்போது இன்னும் அடரவில்லை, இடைவெளி இடைவெளியாக நின்றது. அது வளரும்வரை பொறுக்க முடியாது. பக்கவாட்டுக் கிளைகள் உள்ள ஒரு மரத்துண்டை, ஏற்கெனவே ஊறவைத்திருந்ததை எடுத்து, இடது மரத்தின் பின்பக்கம் செங்குத்தாக நிறுத்தினேன். கிளைநுனி நீர்மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே வரும். கிளைகளின் நடுவே ஜாவா மாஸ் என்ற பாசிச்செடி ஒரு பெரிய கட்டு. அடியில், வாயை பின்சுவர்ப் பக்கம் திருப்பி, உடைந்த மண்தொட்டி ஒன்று; பெண் குகையாக எடுத்துக்கொள்ளாதபடி அதன் வாய் அகலமானது, இரண்டு பக்கமும் திறப்பு உண்டு.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது உயரம். காக்கும் பெண்ணின் கோபம் தரையோடு கிடக்கிறது. தரையிலிருந்து 20 செ.மீ. மேலே, அதுவும் மறைவில் நிற்கும் ஆணை அது மறந்துவிடுகிறது. ராமும் அப்படித்தான். அதாவது தரையில் இடமில்லாவிட்டாலும் மேலே இடம் உண்டாக்கலாம். அன்று மாலையே ஆண் ஹீட்டரை விட்டு மாஸுக்குள் வந்தது. மறுநாள் தீனிக்கு இறங்கியது. அடுத்து வந்த நாட்களில் துடுப்பை விரித்துக்கொண்டு கிளைக்கும் பின்சுவருக்கும் இடையில் தனக்கென ஒரு சின்ன நடைபாதை வைத்துக்கொண்டது. தீனி போடும்போது நானும் ஒரு சிட்டிகை அந்தப் பக்கம் தனியாகப் போட்டுவிடுவேன்.

வலது முனையில் பெண் முட்டையிடுவதற்குள் அதேபோல் அங்கும் ஒரு கிளை நிறுத்திவிட்டேன். அங்கே ஆண் துரத்தப்பட்டபோது நேரே மேலே போனது, நடுப்பகுதிக்கு வரவே இல்லை.

குஞ்சுகள்

26 டிகிரியில் முட்டை மூன்று நாள் வாக்கில் பொரியும். இன்னும் ஐந்து நாள் போல மஞ்சள்கருவைத் தின்றுகொண்டு குகைக்குள்ளேயே கிடந்துவிட்டு, பின்பு நீந்தத் தொடங்கும். தாய் கூட்டிக்கொண்டு வெளியே வரும் காட்சிக்காகவே இந்த மீனை வளர்க்கலாம். குஞ்சுக் கூட்டம் தாயைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் தரையை ஒட்டி நகரும். டெட்ரா ஒன்று தாழ்ந்து வந்தால் தாய் உடம்பை ஒருமுறை வெடுக்கென்று உதறும். அவ்வளவுதான், அத்தனை குஞ்சும் அந்த நொடியே மணலில் படிந்து அசையாமல் கிடக்கும். மணலின் நிறமும் குஞ்சின் நிறமும் ஒன்றுதான். தாய் போய் டெட்ராவை விரட்டிவிட்டு வந்து, வேறு மாதிரி அசைந்து காட்டியபின்தான் எழும்.

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் குஞ்சு வைத்திருந்தால் எல்லையோரத்தில் ஒன்று மற்றதன் குஞ்சுகளைத் தன் கூட்டத்தோடு சேர்த்துக்கொள்வதும் உண்டு. பெரிது சிறிதாக இரண்டு அளவுக் குஞ்சுகள் ஒரே கூட்டத்தில் திரிந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

இந்த மாதிரித் தொட்டியில் எல்லாக் குஞ்சும் பிழைக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. காலையில் விளக்கு சடாரென்று எரியும் நேரம்தான் அதிக இழப்பு: டெட்ராவுக்கு உடனே கண் தெரிகிறது, தாய் இன்னும் குஞ்சுகளைத் திரட்டி முடிக்கவில்லை. அறை வெளிச்சம் வந்து அரைமணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கு எரியும்படி டைமரை மாற்றினேன், விளக்கு எரிந்ததும் முதலில் மேலே டெட்ராவுக்குத் தீனி. வித்தியாசம் தெரிந்தது. நிறையக் குஞ்சு வேண்டும் என்பவர்கள் ஏர் குழாயால் பாதியை உறிஞ்சியெடுத்து, அதே தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் தொட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு வளர்க்கலாம். முழுவதையும் எடுத்துவிட வேண்டாம். குஞ்சு திடீரென்று மறைந்தால், பெண் சில நாளில் அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும், ஓய்வே கிடைக்காது.

நீந்தத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே காக்கட்டூ குஞ்சு, அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலைத் தின்னும் என்பது பெரிய சௌகரியம். லிட்டருக்கு 25 கிராம் அயோடின் இல்லாத உப்பு, 26 முதல் 28 டிகிரி சூடு, இடைவிடாத காற்று, வெளிச்சம். 24 மணி நேரத்தில் ஆர்ட்டீமியா முட்டை பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் முட்டை ஓடு மேலே மிதக்கும், ஆர்ட்டீமியா குஞ்சு அடியில் செம்மஞ்சளாகத் திரளும். சன்னத் துணியில் வடித்து நல்ல தண்ணீரில் அலசி, நீளமான பிப்பெட்டால் தாயின் மூக்குக்கு முன்னாலேயே விடுகிறேன். முதலில் பிப்பெட்டையும் தாக்கியது. இப்போது அதைக் கண்டால் கூட்டத்தோடு வந்து நிற்கிறது. குஞ்சுகளின் வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால் தின்றுவிட்டது என்று பொருள்.

ராம் ஜோடியின் கதை நிதானமானது. முதலிரண்டு தடவை முட்டைகளைத் தாங்களே தின்றன. இளம் ஜோடிகளில் இது சகஜம், தலையிடத் தேவையில்லை. அடுத்ததில் பொரித்த குஞ்சுகளை மணலில் தோண்டிய குழியில் போட்டு வைத்து, ஒரு குழியிலிருந்து இன்னொன்றுக்கு வாயில் கவ்வி இடம் மாற்றிக்கொண்டே இருந்தன. நடுப்பகுதி திறந்தவெளி என்பதால் குஞ்சுகளில் பெரும்பாலானவை டெட்ராவுக்குத்தான் போகின்றன. அதைத் தடுக்க நான் எதுவும் செய்வதாக இல்லை. திறந்தவெளியை மூடினால் ராம் அங்கே முட்டையிடாது.

வாலிஸ்னேரியா இப்போது பின்சுவரை முழுக்க மறைத்துவிட்டது. ஓடுதண்டு விட்டு நடுமணலுக்கும் வருவதால் மாதம் ஒருமுறை வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. செடி அடர்ந்துவிட்டதே, நிறுத்தி வைத்த கிளைகளை எடுத்துவிடலாமா என்று இடது கிளையை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அடுத்த முட்டைக்கு அந்த ஆண் மறுபடி ஹீட்டருக்குப் பின்னால் போனது. கிளை திரும்ப உள்ளே போய்விட்டது. இடம் மிச்சமிருப்பதுபோல் தோன்றினாலும் இந்தத் தொட்டியில் நான்காவது ஜோடி சேர்க்கப்போவதில்லை. வளரும் ஆண் குஞ்சுகளுக்குக் கொண்டை முளைக்கும் முன்பே வேறு வீடு பார்க்கும் வேலையே போதுமானதாக இருக்கிறது.